'ஏமாத்திட்டாங்க டாக்டர்!'

நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "என்னை ஏமாத்திட்டாங்க டாக்டர்!"

ஐம்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் கணவர், கையில் பழைய ரிப்போர்ட்டுகள் அடங்கிய மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று வாரமாகத் தூக்கம் இல்லையாம். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் இறங்க மாட்டேன் என்கிறதாம். நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு பாரம்.

எனக்கு உடனே தோன்றியது பணம்தான். வேறென்ன தோன்றும்? "சீட்டுப் பணமா அம்மா? நகைச் சீட்டா?" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எம் பையன்தான்."

பையன் துபாயில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வருகிறேன் என்று தீபாவளிக்கே போனில் சொல்லியிருக்கிறான். இந்த அம்மா மாடி அறைக்கு வெள்ளையடித்து, அதிரசத்துக்கு மாவு இடித்து, அவனுக்குப் பிடிக்கும் என்று நெல்லிக்காய் ஊறுகாய் போட்டு வைத்து, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லியும் முடித்தாயிற்று. போகிக்கு இரண்டு நாள் முன்பு போன் வருகிறது. "லீவு தரமாட்டேங்கறாங்கம்மா. சித்திரையில பார்க்கலாம்."

கணவருக்குக் கோபம். "லீவு கிடைக்கலைன்னுதானே டாக்டர் சொன்னான்? இதுல என்ன ஏமாத்தினான்? இவ இப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சா, பிள்ளை ஏதோ சொத்தை எழுதி வாங்கிட்டு ஓடிட்டான்னுல்ல நாலு பேர் நினைப்பாங்க!"

யோசித்துப் பாருங்கள். அவர் சொல்வதும் சரி. அந்த அம்மாவின் வேதனையும் பொய்யில்லை. தகராறெல்லாம் ஒரு சொல்லில் இருக்கிறது.

மழைகூட ஏமாற்றும்!

என்ன இது, வைத்தியர் மருந்து சொல்வதை விட்டுவிட்டு இலக்கண வகுப்பு எடுக்கிறாரே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முப்பது வருஷமாக நாடி பிடித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம்: நோயாளி தன் வேதனைக்கு என்ன பெயர் வைக்கிறார் என்பதைக் கவனிக்காமல் சீட்டு எழுதினால், பாதி நேரம் தப்பான மருந்துதான் எழுதுவோம்.

தடுமாறினால் தடுமாற்றம். முன்னேறினால் முன்னேற்றம். அதே கணக்கில் ஏமாறினால் ஏமாற்றம். எதிர்பார்த்தது நடக்காமல் போனால் மனசுக்குள் ஏற்படுகிறதே, அந்தச் சங்கடத்துக்குப் பெயர்தான் ஏமாற்றம். அது நமக்குள் நடக்கிற விஷயம். இன்னொருத்தர் வேண்டுமென்றே பொய் சொல்லி நம்மைக் கவிழ்த்தால் அது ஏமாற்று வேலை. முன்னதற்கு எதிராளியே தேவையில்லை. பின்னதற்கு ஓர் ஆள் வேண்டும்.

எழுத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது பேச்சில் குழம்பிப்போகிறது. நாம் யாராவது வீட்டில், "எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது" என்று பேசுகிறோமா? அது பேப்பரில், மேடையில் வருகிற வாக்கியம். வீட்டில் வாயைத் திறந்தால் "ஏமாத்திட்டான்", "ஏமாத்திட்டா", "ஏமாத்திட்டாங்க"தான். விவசாயி, "இந்த வருஷம் மழை ஏமாத்திருச்சு" என்கிறார். மழை யாருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது? கிரிக்கெட் தோற்றால் பத்திரிகைகளில், 'ரசிகர்களை ஏமாற்றியது இந்திய அணி' என்று தலைப்பு. எதிர் அணி கொஞ்சம் நன்றாக ஆடிவிட்டது, அவ்வளவுதான்!

ஏமாற்றுக்காரனைத் திட்டத் தமிழில் வண்டி வண்டியாகச் சொற்கள் இருக்கின்றன. நாமம் போட்டுட்டான், அல்வா கொடுத்துட்டான், தலையில மிளகாய் அரைச்சுட்டான், கம்பி நீட்டிட்டான்... ஏமாந்தவரையும் விடுவதில்லை. ஏமாளி, ஏமாந்த சோணகிரி! ஆனால் யாருமே ஏமாற்றாமல் வருகிறதே ஓர் ஏமாற்றம், அதற்கு வீட்டுப் பேச்சில் என்ன இருக்கிறது? 'சப்புனு ஆயிடுச்சு' என்போம், 'புஸ்ஸுனு போயிடுச்சு' என்போம். அது சினிமா டிக்கெட் கிடைக்காததற்குப் பொருந்தும். பிள்ளை வராததற்குப் பொருந்துமா? கொஞ்சம் பெரிய வேதனையாக இருந்தால், 'விரக்தி' என்று ஒரேயடியாகத் தாவிவிடுகிறோம். விரக்தி என்றால் உண்மையில் பற்றை விடுவது. துறவிக்குரிய சொல். பையன் பொங்கலுக்கு வரவில்லையே என்று சோறு இறங்காமல் கிடக்கிற தாய்க்குப் பற்றா விட்டுப்போயிருக்கிறது?

நம் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு கிளியை வைத்துச் சொன்னார்கள். இலவு காத்த கிளி. இலவங்காய் பழுக்கும் பழுக்கும் என்று கிளி காத்திருந்தது. ஒருநாள் காய் வெடித்துப் பஞ்சாகப் பறந்துவிட்டது. பழமொழி அவ்வளவுதான். இதில் இலவமரம் எந்த இடத்திலாவது, 'நான் பழம் தருகிறேன்' என்று கிளியிடம் சொன்னதா? காய் வெடித்துப் பஞ்சாவது அதன் சுபாவம். கிளிக்கு ஏற்பட்டது ஏமாற்றம். மரம் செய்தது ஏமாற்று அல்ல.

இங்கிலீஷ்காரர்களுக்கு இதற்குத் தனியாகவே ஒரு சொல் உண்டு. டிஸப்பாயிண்ட்மெண்ட். அந்தச் சொல்லுக்குள்ளே 'அப்பாயிண்ட்மெண்ட்' ஒளிந்திருப்பதைக் கவனித்தீர்களா? பிரெஞ்சிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு, கொடுத்த பதவியிலிருந்து ஒருவரை நீக்குவது என்பதுதான் பழைய பொருள். வேலை ஆர்டருக்காகத் தபால்காரரை எதிர்பார்த்தே தலை நரைத்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்!

முதலில் ஈ.ஸி.ஜி., அப்புறம் ஆறுதல்

அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். நாடி பார்த்தேன், நாக்கைப் பார்த்தேன். பையனைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "முதல்ல போய் ஒரு ஈ.ஸி.ஜி. எடுத்துட்டு வாங்க. ரத்த டெஸ்டும் எழுதித் தர்றேன். இன்னிக்கே" என்றேன்.

கணவருக்கு அதிர்ச்சி. "மனக்கவலைக்கு எதுக்கு டாக்டர் ஈ.ஸி.ஜி.?"

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி நெஞ்சில் பாரம் என்று சொன்னால், 'எல்லாம் மனசுதான்' என்று வீட்டில் யாரும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது சினிமாவில் காட்டுவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும் என்பதில்லை. அசதி, மூச்சு வாங்குதல், தாடை வலி, முதுகு வலி, குமட்டல் என்று வேறு வேஷத்தில் வரும். பல வீடுகளில் அதை 'கேஸ்' என்று சொல்லிப் பெருங்காயத் தண்ணீர் கொடுத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். நெஞ்சு பாரத்தோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்துகொண்டால் என் கிளினிக்குக்கூட வரவேண்டாம். 108-க்கு போன் செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மன அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலவீனமாகி, உப்பிப்போகிற ஒரு நிலை. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்க ஒரு பானையைக் கடலில் போடுவார்கள். குறுகிய வாய், உருண்டை வயிறு. அந்த இதயத்தின் வடிவம் அந்தப் பானையைப் போலவே இருந்ததால் 'டகோட்ஸுபோ' என்று அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் மாரடைப்பு மாதிரியே இருக்கும். ஆஸ்பத்திரியில் சோதித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்கு வந்துவிடும், ஆனால் ஆரம்ப நாட்களில் ஆபத்து உண்டு. 'மனசு உடைஞ்சுபோச்சு' என்று நாம் சொல்வது வெறும் பேச்சு அல்ல என்பதற்காகச் சொன்னேன்.

நல்லவேளை, இந்த அம்மாவுக்கு ஈ.ஸி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தன. அதற்கு அப்புறம்தான் பேசினோம்.

"பையன் பொய் சொன்னானாம்மா?"

"இல்லீங்க."

"லீவு கிடைச்சும் வராம இருந்தானா?"

"ச்சே... போன்ல அழுதான் டாக்டர்."

"அப்ப ஏமாத்தினது யாரு?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மூன்று வாரத்தில் அதுதான் முதல் அழுகை என்று கணவர் சொன்னார். அதுவரை கோபம் மட்டும்தான் இருந்திருக்கிறது. 'ஏமாத்திட்டான்' என்று பெயர் வைத்துவிட்டால் கோபப்படலாம், அழத் தோன்றாது. அவன்மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டால்தான், அவனைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கியது வெளியே வருகிறது.

'நான் யாரையும் ஏமாத்தலை'

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். (யார் என்று அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2023 ஜூன். நீட் ரிஸல்ட் வந்து பத்து நாள் இருக்கும். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் தன் மகனை அழைத்து வந்தார். இரண்டாவது தடவை எழுதியிருக்கிறான். இந்த முறையும் சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, மெலிந்துகொண்டே போகிறான், 'உடம்புக்கு ஏதாவது லேகியம் கொடுங்க' என்று வந்திருக்கிறார்.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாதான் பேசினார். "கோச்சிங்குக்கு மட்டும் எவ்வளவு கட்டினேன் தெரியுமா டாக்டர்? பி.எஃப்.லேர்ந்து எடுத்தேன். இவங்கம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு காபி போட்டுக் கொடுத்தா. எங்க ரெண்டு பேரையும் நல்லா ஏமாத்திட்டான்."

எந்த வீட்டிலும் சொல்கிற வாக்கியம்தான். நானே என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் பையனின் கையைப் பிடித்திருந்தேன், நாடி பார்க்க. அந்தச் சொல் விழுந்தபோது விரல்கள் ஒரு தடவை சுருங்கி விரிந்தன. முகத்தில் ஒன்றும் இல்லை.

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். கிரிக்கெட் ஆடுவாயா என்று கேட்டேன். "ஆடுவேன். இப்ப பேட் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துட்டேன்" என்றான். ஏன் என்றேன். "எனக்கு இனிமே தேவைப்படாது." வாட்சையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டானாம்.

எனக்கு முதுகுத்தண்டில் சில்லென்றது. தனக்குப் பிரியமான பொருட்களைக் காரணமில்லாமல் ஒருவர் கொடுத்துவிடுகிறார் என்றால், அது தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். நேரடியாகவே கேட்டேன். "செத்துப்போயிடலாம்னு தோணுதா தம்பி?"

இப்படிக் கேட்கலாமா, கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகாதா என்று பல பெற்றோர்கள் பயப்படுகிறார்கள். ஆகாது. மனநல மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான்: பரிவோடு நேரடியாகக் கேட்டால் பாரம் குறையுமே தவிரக் கூடாது.

ரொம்ப நேரம் கழித்துத் தலையை ஆட்டினான். அப்புறம் சொன்னான்: "நான் யாரையும் ஏமாத்தலை டாக்டர். படிச்சேன். வரலை."

இவ்வளவுதான் சொன்னான். அப்பா சொன்னதும் இவன் கேட்டதும் ஒரே சொல்தான். அவர் தன் ஏமாற்றத்தைச் சொன்னார். இவன் காதில் 'நீ ஏமாற்றுக்காரன்' என்று விழுந்தது. அம்மா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மாதிரி அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நான் லேகியம் கொடுக்கவில்லை. இது என் கிளினிக்கில் வைத்துப் பார்க்கிற வியாதி இல்லை. அன்றைக்கு மத்தியானமே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். சித்த வைத்தியர் ஒருவர் இங்கிலீஷ் மருத்துவத்துக்கு அனுப்புவதா என்று சிலர் நினைக்கலாம். அனுப்பத் தெரிவதும் வைத்தியம்தான். மன நோய்களுக்குச் சித்த நூல்களில் 'கிரிகை' என்று தனிப்பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தவன் என்பதால்தான் எந்த இடத்தில் தாமதிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது.

போகிற வழியில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த அர்த்தத்துல சொல்லலையே டாக்டர்... ஒரு ஆத்திரத்துல வந்த வார்த்தை..." என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பையன் வந்தபோது கேட்டேன். "அப்பா ஏதாவது சொன்னாரா?"

முதல்தடவையாகச் சிரித்தான். "ஒருநாள் ரூமுக்கு வந்து நின்னுக்கிட்டு, 'எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு. ஆனா நீ ஏமாத்தலை'ன்னு நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்லிட்டுப் போயிட்டாரு டாக்டர்."

அவன் இப்போது வேறு ஒரு பட்டப்படிப்பு படிக்கிறான். மனநல மருத்துவரிடம் ஓராண்டுக்கு மேல் ஒழுங்காகப் போனான்.

ரிஸல்ட் வருகிற மாதங்களில் வீட்டில் பிள்ளை இருந்தால், தமிழக அரசின் 104 எண்ணையும், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். இரண்டிலும் ஆலோசனைக்குக் காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம். பெற்றோருக்கே ஏமாற்றம் தாங்கவில்லை என்றாலும் பேசலாம்.

என்னையும் கேட்டார் ஒருவர்

பிறருக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தால் எப்படி? என் கதையும் ஒன்று இருக்கிறது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்துவிட்டு, திருச்சியில் கிளினிக் ஆரம்பித்த புதிது. 1998 என்று நினைவு. காளாஞ்சகப்படையோடு ஒரு தையல்காரர் வந்தார். 'ஸோரியாஸிஸ்' என்று சொல்கிறார்களே, அதுதான். முழங்கையிலும் காலிலும் வெள்ளி வெள்ளியாகச் செதில். கடைக்கு வருகிற பெண்கள் அவர் கையில் துணியைக் கொடுக்கவே யோசிக்கிறார்களாம். (இது தொற்றுவியாதி இல்லை. தொட்டால் ஒட்டாது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.)

வெட்பாலைத் தைலமும் உள்மருந்தும் கொடுத்தேன். பத்தியம் சொன்னேன். அவர் எழுந்திருக்கும்போது, "குணமாயிடுமா டாக்டர்?" என்று கேட்டார். இளம் வயது, புதுக் கிளினிக். "ஆறே மாசத்துல சுத்தமா குணமாயிடும், கவலையே படாதீங்க!" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து மாதத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. தட்டு நிறையப் பழம், பூ, வேட்டி எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷம் மார்கழிக் குளிர் வந்தது. மறுபடியும் செதில். நேரே கிளினிக்குக்கு வந்தார். மற்ற நோயாளிகள் எல்லாம் இருக்கும்போதே, "ஏமாத்திட்டீங்களே டாக்டர்!" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நானா ஏமாற்றினேன்? மருந்தில் கலப்படமா? காசு கூடுதலாக வாங்கினேனா? ஒன்றும் இல்லை. ஆனால் ராத்திரி படுக்கும்போது யோசித்தேன். இந்த நோய் கட்டுப்படும், அடங்கும், குளிர்காலத்தில் திரும்பத் தலைகாட்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், 'சுத்தமா' என்ற சொல்லைப் போட்டது யார்? அவர் இலவு காத்த கிளி இல்லை. இந்த மரம் வாயைத் திறந்து 'பழம் தருவேன்' என்று சொல்லியிருக்கிறது.

மறுநாள் ஆள் அனுப்பி அவரை வரச்சொல்லி, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அன்றிலிருந்து 'சுத்தமா', 'நிரந்தரமா', 'வேரோட' என்ற சொற்களை என் கிளினிக்கில் நான் சொல்வதில்லை. எங்கள் துறையில் சிலர் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு நிரந்தரத் தீர்வு என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். அதை நம்பி ஒருவர் இன்சுலினை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு என்னிடம் வந்தார். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர் சொன்னதும் இதே சொல்தான், "ஏமாத்திட்டாங்க டாக்டர்". அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. நீரிழிவு, புற்றுநோய், உயரம் வளர்ப்பது போன்றவற்றுக்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. எனவே அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலில் கிடந்தால், எழுதினவர் எந்த வைத்தியமுறைக்காரராக இருந்தாலும், நம்பாதீர்கள்.

பணம் போனதற்கும் அப்படியே. உண்மையிலேயே மோசடி என்றால், 'போனது போகட்டும், விதி' என்று படுத்துக்கொள்ளாதீர்கள். போனில் யாரோ பேசிப் பேங்க் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். சீட்டு, டெபாசிட் மோசடி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸ். ஏமாளி என்று சிரிப்பார்களே என்ற வெட்கத்திலேயே வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் மறைத்து, ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொண்டு வருகிற பெண்களை எனக்குத் தெரியும். மோசடிக்குப் புகார்தான் மருந்து.

பதினான்கில் ஒன்று கண்ணீர்

சரி, யாரும் ஏமாற்றவில்லை, ஏமாற்றம் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்த மருத்துவம் சொல்கிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் என்று போகிற அந்தப் பட்டியலில் கண்ணீரும் ஒன்று. ஆண்பிள்ளை அழலாமா என்று நாமாக ஒரு பத்தியம் வைத்திருக்கிறோம். நூலில் அப்படி ஒன்றும் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று போடவில்லை. அழுகிறவரை உடனே தேற்றவும் வேண்டாம். 'அதெல்லாம் ஒண்ணும் இல்ல, விடு' என்று சொல்லிக் கண்ணீரை நிறுத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மனசு வாடினால் வளி கெடும் என்பது எங்கள் கணக்கு. தூக்கம் குறையும், வயிறு உப்பும், மலம் கட்டும், பசி மந்தமாகும். பழையது, கிழங்கு, எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு, சூடான இரசம் சோறு, இட்லி, கஞ்சி என்று நேரத்துக்குச் சாப்பிடச் செய்யுங்கள். குடிக்கச் சீரகத் தண்ணீர். ராத்திரி காபி வேண்டாம். போனைப் படுக்கையில் வைத்துக்கொண்டு யார் யார் பிள்ளைகள் ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று போட்டோ பார்ப்பதும் வேண்டாம்! அமுக்கராச் சூரணம் தூக்கத்துக்கு நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கர்ப்பிணிகள், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. மற்றவர்களும் வைத்தியரைக் கேட்டே சாப்பிடுங்கள்.

சாதாரண ஏமாற்றம் நாளாக ஆகத் தேய வேண்டும். இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, எதற்குமே லாயக்கில்லாதவன் என்ற நினைப்பு விடவில்லை என்றால் அது ஏமாற்றம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போகவேண்டும். சாகிற பேச்சு வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே.

அப்புறம் வீட்டில் ஒரு சின்னப் பழக்கம். இதற்குச் செலவே இல்லை. "ஏமாத்திட்டே" என்று வாயில் வரும்போது ஒரு விநாடி நிறுத்தி, "எனக்கு ஏமாற்றமா இருக்கு" என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். முதலில் நாடக வசனம் மாதிரிதான் இருக்கும், சிரிப்பு வரும். சிரித்தால் இன்னும் நல்லது. கூடவே, 'பார்க்கலாம்' என்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்ல முகம் பார்த்துத் தயங்கி, நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் 'பார்க்கலாம்' என்கிறோம். சைக்கிள் கேட்கிற குழந்தைக்கு அது 'வாங்கித் தருகிறேன்' என்றுதான் கேட்கும்.

துபாய்ப் பையன் சித்திரையில் வந்தான். அம்மா அவனை என்னிடமே கூட்டிக்கொண்டு வந்து, "டாக்டரைக் கும்பிடுடா" என்றார். நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று எனக்கும் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்.

தையல்காரர்? அவர் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். போன மார்கழியில் சட்டைக் கையை மடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன, வந்திருக்கா?" என்றேன்.

"வந்திருக்கு டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே" என்று முழங்கையை நீட்டினார்.